கிரேன் விழுந்த பிறகு: கோடம்பாக்கத்தில் காயமும் இழப்பீடும்

1. கேள்வி

2020 பிப்ரவரி 19ஆம் தேதி இரவு, பூந்தமல்லியை அடுத்த ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டியில் ‘இந்தியன் 2’ படப்பிடிப்புக்கான ஆயத்த வேலைகள் நடந்துகொண்டிருந்தபோது கனமான விளக்குகளைத் தூக்கிய கிரேன் சரிந்து விழுந்தது. உதவி இயக்குநர், கலைத் துறை உதவியாளர், தயாரிப்பு உதவியாளர் என மூவர் அங்கேயே இறந்தார்கள். மேலும் பலர் காயமடைந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான், இதே வளாகத்தில் ‘பிகில்’ படப்பிடிப்பின்போது கிரேனில் ஏற்றியிருந்த பெரிய விளக்கு விழுந்து மின் பணியாளர் ஒருவர் படுகாயமுற்றுப் பின்னர் உயிரிழந்தார்.

‘இந்தியன் 2’ விபத்து பெரும் செய்தியானது. படத்தின் நாயகன் கமல்ஹாசனும் இயக்குநரும் காவல் துறை விசாரணைக்குச் சென்றுவந்தார்கள். பாதுகாப்பும் காப்பீடும் உறுதிசெய்யப்பட வேண்டும் என்று கமல்ஹாசன் தயாரிப்பு நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார். ஆகஸ்ட் மாதத்தில் தயாரிப்பு நிறுவனம், நடிகர், இயக்குநர் ஆகியோர் அளித்த 4 கோடி ரூபாய், திரைத் தொழிலாளர் சங்கங்களின் கூட்டமைப்பான பெப்சியின் வழியாக வழங்கப்பட்டது. இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 1 கோடி ரூபாய் போக, எஞ்சிய 1 கோடி காயமுற்றோருக்குச் சென்றது.

அந்தக் குடும்பங்களுக்குக் கிடைத்த பணத்தை யாரும் குறைசொல்ல முடியாது. ஆயினும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. திரைப்படத் தொழிலாளி ஒருவர் இயந்திரத்தால் காயமுற்றால் அவருக்கு என்ன சேர வேண்டும், யார் தர வேண்டும், எத்தனை நாளுக்குள் தர வேண்டும் என்பதையெல்லாம் இந்தியச் சட்டம் நெடுங்காலமாகவே வரையறுத்து வைத்திருக்கிறது. அப்படியிருக்க, கோடம்பாக்கத்தில் விபத்துக்குப் பிந்தைய பேச்சு ஏன் எப்போதும் நட்சத்திரங்களின் நன்கொடையைப் பற்றியதாகவே இருக்கிறது? இக்கட்டுரை ஆராய்வது இந்தக் கேள்வியைத்தான்.

2. வழக்கமான விளக்கங்கள்

இந்த நிலைக்குப் பொதுவாக மூன்று விளக்கங்கள் சொல்லப்படுகின்றன.

முதலாவது, ஆபத்து இந்தத் தொழிலின் இயல்பு என்பது. குறிப்பாகச் சண்டைக் கலைஞர்களைப் பற்றி இப்படிப் பேசுவது வழக்கம். 2022 டிசம்பரில் ‘விடுதலை’ படப்பிடிப்பில் கயிறு அறுந்து ஒரு கலைஞர் இறந்தார். 2024 ஜூலையில் சாலிகிராமம் பிரசாத் ஸ்டுடியோவில் ‘சர்தார் 2’ படப்பிடிப்பின்போது 20 அடி உயரத்திலிருந்து விழுந்து இன்னொருவர் இறந்தார். 2025 ஜூலையில் நாகப்பட்டினம் மாவட்டம் விழுந்தமாவடியில் கார் சாகசக் காட்சியில் மற்றொருவர் உயிரிழந்தார். ஒவ்வொரு முறையும் மறைந்தவரின் துணிச்சல் புகழப்பட்டது. ஆனால் கயிறு அறுந்ததற்கும் துணிச்சலுக்கும் தொடர்பில்லை. எந்தக் கயிறு, எவ்வளவு எடை தாங்கும், கடைசியாக எப்போது சோதிக்கப்பட்டது என்பவை தொழில்நுட்பக் கேள்விகள். இறந்தவரை வீரர் என்று போற்றும் சொற்களுக்கு நடுவே அந்தக் கேள்விகள் காணாமல் போகின்றன. லைட்மேன், கார்பெண்டர், எலெக்ட்ரீஷியன், செட் உதவியாளர் ஆகியோருக்கு இந்த விளக்கம் சற்றும் பொருந்தாது. சாகசம் செய்வதற்காக அவர்கள் வேலைக்கு வரவில்லை.

இரண்டாவது, தொழிலாளருக்குச் சட்டம் தெரியவில்லை என்பது. இதில் ஓரளவு உண்மை உண்டு. எனினும் கோடம்பாக்கம் அமைப்பு பலம் இல்லாத இடமன்று. ஒளிப்பதிவாளரும் இயக்குநருமான நிமாய் கோஷ், இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் போன்ற இடதுசாரிக் கலைஞர்கள் இங்கு தொழிற்சங்கத்துக்கு அடித்தளம் இட்டார்கள். பெப்சி கூட்டமைப்பின் கீழ் இருபதுக்கும் மேற்பட்ட சங்கங்கள் இருக்கின்றன. ஊதியம், பேட்டா, வேலை நேரம் ஆகியவற்றில் தங்களுக்குச் சேர வேண்டியதைக் கணக்குப் பார்த்துக் கேட்டுப் பெறும் தொழிலாளர்கள், இழப்பீட்டில் மட்டும் ஏன் பின்தங்குகிறார்கள் என்பதை அறியாமை என்ற ஒற்றைக் காரணத்தால் விளக்கிவிட முடியாது.

மூன்றாவது, சட்டம் திரைத்துறைக்கு ஏற்றதாக இல்லை என்பது. மூன்றில் கவனமாகச் சோதித்துப் பார்க்க வேண்டியது இதுதான்.

3. சட்டத்தில் உள்ளது

1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், 2009ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் என்று பெயர் மாறியது. 2025 நவம்பரில் அது புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் அடங்கிவிட்டது; இங்கே பேசுவது அதுவரை இருந்த சட்டத்தைப் பற்றி. பொதுமக்களுக்குத் திரையிடுவதற்கான படங்களைத் தயாரிப்பதில் வேலைசெய்வோர் அதன் இரண்டாம் அட்டவணையில் வெளிப்படையாகவே இடம்பெற்றிருந்தனர். தற்காலிக வேலையில் இருப்போரில் ஒரு பகுதியினரை விலக்கிவைத்த சொற்கள் 2000ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நீக்கப்பட்டன. ஆகவே, “ஒருநாள் கால்ஷீட்டுக்கு வந்தவர், எங்கள் ஆள் இல்லை” என்று சொல்லித் தப்பிக்கச் சட்டத்தில் இடமில்லை.

இச்சட்டத்தின் சிறப்பு, முதலாளியின் தவறை மெய்ப்பிக்க வேண்டிய சுமையைத் தொழிலாளியின் தலையில் வைக்காததுதான். வேலையின்போது, வேலை காரணமாக விபத்து நேர்ந்தது என்று காட்டினால் போதும். தொழிலாளி குடித்திருந்தார், பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறினார் போன்ற மறுப்புகளை முதலாளி எழுப்பலாம். ஆனால் மரணம் அல்லது நிரந்தர முழு ஊனம் நேர்ந்தால் அந்த மறுப்புகள் செல்லாது.

‘யார் முதலாளி’ என்ற குழப்பத்துக்கும் விடை உண்டு. கோடம்பாக்கத்தில் விளக்குகள் அவுட்டோர் யூனிட் நிறுவனத்திடமிருந்தும், கிரேன் வேறொரு வாடகை நிறுவனத்திடமிருந்தும் வருகின்றன; செட் போடும் ஆட்கள் கலை இயக்குநரின் குழுவிலிருந்து வருகிறார்கள். விபத்து நடந்ததும் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கை காட்டுகிறார்கள். 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆவது பிரிவு இதற்கு முடிவுகட்டியது. ஒருவர் தம் தொழிலின் பகுதியான வேலையை ஒப்பந்தக்காரர் வழியாகச் செய்வித்தால், காயமுற்றவர் அந்த முதன்மை முதலாளியிடமே இழப்பீடு கோரலாம். அவர் பிறகு ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்பது சட்டத்தின் நிலை. 1981ஆம் ஆண்டின் திரைப்படத் தொழிலாளர் சட்டமும் எழுத்துப்பூர்வமான ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கியது. ஒப்பந்தக்காரர் வழியாக ஆள் எடுத்தாலும் அந்த ஒப்பந்தத்தில் தயாரிப்பாளரும் ஒரு தரப்பாக இருக்க வேண்டும் என்றது.

இயங்கு கிரேன் மோட்டார் வாகனமாகப் பதிவாகியிருந்தால் இன்னொரு வழியும் திறக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 167ஆவது பிரிவின்படி, வாகன விபத்தில் காயமுற்ற தொழிலாளி மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தையோ பணியாளர் இழப்பீட்டு ஆணையரையோ அணுகலாம். இரண்டு இடத்திலும் கோர முடியாது. தீர்ப்பாயத்தில் ஊதிய உச்சவரம்பு இல்லை. ஆனால் வாகனத்தைப் பயன்படுத்தியதால் விபத்து நேர்ந்தது என்பதை அங்கே நிறுவ வேண்டும்; காப்பீட்டு நிறுவனம் எழுப்பும் மறுப்புகளையும் எதிர்கொள்ள வேண்டும். எந்த வழி நல்லது என்பதைத் தொடக்கத்திலேயே யோசித்து முடிவெடுக்க வேண்டும். மருத்துவமனை வராந்தாவில் நிற்கும் குடும்பத்துக்கு அதைச் சொல்ல ஆள் இருப்பதில்லை.

4. கணக்கு

இழப்பீட்டைக் கணக்கிடும் முறையைப் புரிந்துகொண்டால்தான் அடுத்த சிக்கல் விளங்கும். மரணம் என்றால் மாத ஊதியத்தில் 50 விழுக்காட்டையும், நிரந்தர முழு ஊனம் என்றால் 60 விழுக்காட்டையும் வயதுக்குரிய காரணியால் பெருக்க வேண்டும். 30 வயதுக்குக் காரணி 207.98. கணக்கில் கொள்ளும் மாத ஊதியத்தின் உச்சவரம்பு 2010 முதல் 8,000 ரூபாயாக இருந்து, 2020 ஜனவரியில் 15,000 ரூபாயாக உயர்ந்தது.

இதன்படி 30 வயதுத் தொழிலாளி இறந்தால் 15,59,850 ரூபாய். முழு ஊனம் என்றால் 18,71,820 ரூபாய். கட்டைவிரலை இழந்தால் சட்டத்தின் முதல் அட்டவணையின்படி முழு ஊனத் தொகையில் 30 விழுக்காடு, அதாவது 5,61,546 ரூபாய். அவர் மாதம் 30,000 ரூபாய் ஈட்டினாலும் கணக்கில் வருவது 15,000 மட்டுமே.

‘இந்தியன் 2’ குடும்பங்களுக்குக் கிடைத்த 1 கோடியை இதனோடு ஒப்பிடும்போது எதிர்வாதம் ஒன்று எழுவது இயல்பு. சட்டம் தருவதைவிட நன்கொடை ஆறு மடங்கு பெரியது. பிறகு ஏன் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்? இது வலுவான வாதம் என்பதை மறுக்க முடியாது. ஆனால் அது மூன்று இடங்களில் பிசகுகிறது.

அந்தத் தொகை பெரிய நடிகர், பெரிய இயக்குநர், பெரிய நிறுவனம் ஆகிய மூன்றும் கூடிய இடத்தில் கிடைத்தது. சிறு படத்தின் செட்டில் ரம்பத்தில் விரலைக் கொடுத்த கார்பெண்டருக்கு அப்படி யாரும் வருவதில்லை. அடுத்து, நன்கொடை மரணத்துக்குத் திறக்கும் அளவுக்குக் காயத்துக்குத் திறப்பதில்லை. இறந்தவரின் படம் நாளிதழில் வருகிறது. முதுகெலும்பு முறிந்து உயிர் தப்பியவரின் பெயர் ‘மேலும் சிலர் காயம்’ என்ற சொற்றொடருக்குள் மறைந்துபோகிறது. கடைசியாக, நன்கொடையின் அளவையும் காலத்தையும் கொடுப்பவரே தீர்மானிக்கிறார். சட்டப்படி இழப்பீடு விபத்து நாளிலேயே சேர வேண்டியதாகிறது. ஒரு மாதத்துக்குள் செலுத்தாவிட்டால் 12 விழுக்காடு வட்டியும், தக்க காரணமில்லாத தாமதத்துக்கு 50 விழுக்காடு வரை அபராதமும் உண்டு.

உரிமைத் தொகை சிறியது என்றால் அதற்குத் தீர்வு உச்சவரம்பை உயர்த்துவதே. நன்கொடையை நம்பியிருப்பது தீர்வாகாது.

தனிப்பட்ட முறையில் பேசி முடிப்பதைப் பற்றியும் இங்கே குறிப்பிட வேண்டும். மரணத்துக்கான இழப்பீட்டை ஆணையரிடம் செலுத்தித்தான் வழங்க வேண்டும் என்றது 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8ஆவது பிரிவு. நேரடியாகக் கையில் கொடுத்த பணம் சட்டத்தின் கண்ணில் இழப்பீடாகாது. இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் ஒப்பந்தம் செல்லாது என்றது 17ஆவது பிரிவு. கம்பெனி ஆட்கள் முன்னிலையில் முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டோம், இனி ஒன்றும் செய்ய முடியாது என்று நினைத்து ஒதுங்கும் குடும்பங்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

5. காயத்தின் அளவு

உயரத்திலிருந்து விழுவதால் ஏற்படும் காயங்கள் பெரும்பாலும் முதல் அட்டவணையில் இல்லாதவை. விரல், கை, கால், கண் ஆகியவற்றின் இழப்புக்கு அட்டவணையில் விழுக்காடு இருக்கிறது. முதுகெலும்பு நசிவு, தலைக்காயம், நரம்புச் சேதம் போன்றவற்றுக்கு, வருமானம் ஈட்டும் திறனில் எவ்வளவு போய்விட்டது என்று தகுதிபெற்ற மருத்துவர் மதிப்பிட வேண்டும். எலும்பு முறிவை மருத்துவர் 40 விழுக்காடு ஊனம் என்று எழுதலாம். ஆனால் உயரே ஏறி விளக்குக் கட்டுவதே தொழிலான லைட்மேனுக்கு ஏணி ஏற முடியாமல் போனால் அவருடைய பிழைப்பு முழுவதும் போய்விட்டது.

இந்த வேறுபாட்டை உச்ச நீதிமன்றம் அரை நூற்றாண்டுக்கு முன்பே தெளிவுபடுத்திவிட்டது. அந்த வழக்கின் களமும் சினிமாவோடு தொடர்புடையதுதான். 1968 ஜூலையில் ஒடிசாவின் ஜெய்ப்பூரில் திரையரங்கு ஒன்றில் அலங்கார மரவேலை செய்துகொண்டிருந்த தச்சர் கீழே விழுந்து இடக்கையை இழந்தார். பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கு என்று அறியப்படும் அவ்வழக்கில், ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, எனவே அவருடைய வருமானத் திறன் முழுவதும் போயிற்று என்ற ஆணையரின் முடிவை 1975 டிசம்பரில் நான்கு நீதிபதிகள் அமர்வு உறுதிசெய்தது. விபத்து நாளிலேயே இழப்பீடு சேர வேண்டியதாகிறது என்பதும் இத்தீர்ப்பு நிலைநாட்டிய கொள்கையே. அட்டவணையில் உள்ள விழுக்காட்டை மட்டும் காட்டிக் குறைவாகப் பேசும் எந்தத் தரப்புக்கும் இந்தத் தீர்ப்பு விடையளிக்கிறது.

6. அப்படியானால் தடை எங்கே?

சட்டம் திரைத்துறைக்கு ஏற்றதாக இல்லை என்ற மூன்றாவது விளக்கமும் பெரும்பாலும் நிற்கவில்லை. உண்மையான தடை தொழிலின் அமைப்பில் இருப்பதாகவே நான் கருதுகிறேன்.

வடபழனியிலும் சாலிகிராமத்திலும் பெரிய ஸ்டுடியோக்கள் கோலோச்சிய காலத்தில் தொழிலாளர் பலர் ஸ்டுடியோவின் மாதச் சம்பளப் பட்டியலில் இருந்தார்கள். முதலாளி யார் என்பதில் ஐயம் இருக்கவில்லை. தளமும் கருவியும் ஆளும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. அந்த முறை தேய்ந்தபின் தொழிலாளி படத்துக்குப் படம், கால்ஷீட்டுக்குக் கால்ஷீட் வேறு வேறு கம்பெனிக்கு வேலைசெய்பவரானார். வாகினி ஸ்டுடியோ இருந்த இடத்தில் இன்று வணிக வளாகம் நிற்கிறது. பெரிய செட்டுகள் பூந்தமல்லிக்கும் அதற்கு அப்பாலும் நகர்ந்துவிட்டன. தொழிலாளர் மட்டும் இன்னும் கோடம்பாக்கம், சாலிகிராமம், விருகம்பாக்கம் தெருக்களில் வாழ்கிறார்கள்.

இந்த மாற்றம் மூன்று விளைவுகளைத் தந்தது. கையில் ரொக்கமாகவோ சங்கம் வழியாகவோ வரும் நாள்கூலிக்கு ஊதியச் சான்று இல்லை. ஊதியத்தை நிறுவ முடியாதவர் இழப்பீட்டையும் நிறுவத் திணறுகிறார். நிரந்தரத் தொழிற்சாலையில் தூக்கு எந்திரத்தைத் தகுதிபெற்ற ஒருவர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் முழுமையாகச் சோதித்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். சில வாரங்கள் மட்டுமே நிற்கும் செட்டுக்கு அத்தகைய ஆய்வாளர் எட்டிப்பார்ப்பதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அடுத்த அழைப்பு என்ற கண்ணுக்குத் தெரியாத கயிறு தொழிலாளியின் கழுத்தில் கிடக்கிறது. புரொடக்‌ஷன் மேனேஜரைப் பகைத்துக்கொண்டு வழக்குப் போட்டவருக்கு அடுத்த படம் வராது என்ற அச்சம் சட்டப்பிரிவுகள் அனைத்தையும் வெல்லப் போதுமானது.

அருகிலேயே உள்ள ஒரு மாற்று இங்கே நினைவுக்கு வருகிறது. கே.கே. நகரில் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக் கழகத்தின் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அத்திட்டத்தில் சேர்ந்த தொழிற்சாலைத் தொழிலாளிக்குச் சிகிச்சையும், நிரந்தர ஊனத்துக்கு மாதந்தோறும் பணப்பயனும் கிடைக்கின்றன. யாரையும் பகைத்துக்கொள்ள வேண்டியதில்லை. அந்த மருத்துவமனைக்கு நடந்து போகும் தொலைவில் வாழும் லைட்மேன்களில் பெரும்பாலோர் படத்துக்குப் படம் மாறுவதால் அந்த வளையத்துக்கு வெளியே நிற்கிறார்கள். அந்த இடைவெளியை நல்லெண்ணத்தால் நிரப்பும் முயற்சிகள் நடக்கின்றன. 2023 மார்ச்சில் ஏ.ஆர். ரஹ்மான் லைட்மேன்களின் நலநிதிக்காக இசை நிகழ்ச்சி நடத்தினார். 2025இல் நாகப்பட்டினம் விபத்துக்குப் பிறகு, நாடெங்கும் சுமார் 650 சண்டைக் கலைஞர்களுக்கு நடிகர் அக்‌ஷய் குமார் தம் பொறுப்பில் காப்பீடு செய்துவந்தது செய்தியானது. இவை போற்றத்தக்க செயல்கள். தொழிலின் செலவுக் கணக்கில் இருக்க வேண்டிய ஒன்று தனிமனிதரின் ஈகையில் நிற்கிறது என்பதையும் இவையே காட்டுகின்றன.

7. பொறுப்பு என்னும் கேள்வி

இழப்பீடு ஒரு பக்கம். குற்றப் பொறுப்பு மறுபக்கம். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 287ஆவது பிரிவு, எந்திரத்தைக் கவனக்குறைவாகக் கையாண்டதற்கு ஆறு மாதம் வரை சிறையோ 1,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதித்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா அந்த அபராதத்தை 5,000 ரூபாயாக்கியிருக்கிறது. படத்தின் ஒருநாள் செலவோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமில்லை. அதோடு, கிரேனை இயக்கியவரே முதலில் வழக்கில் சிக்குகிறார். எத்தனை எடையை எவ்வளவு உயரத்துக்குத் தூக்க வேண்டும், எத்தனை மணிக்குள் முடிக்க வேண்டும் என்று முடிவெடுத்தவர்கள் விசாரணையின் விளிம்பில் நிற்கிறார்கள்.

அமெரிக்க அனுபவம் இங்கே பயன்படும். 1982இல் ‘ட்வைலைட் ஸோன்’ படப்பிடிப்பில் ஹெலிகாப்டர் விழுந்து நடிகரும் இரு குழந்தைகளும் இறந்தனர். இயக்குநர் 1987இல் விடுதலையானாலும், படப்பிடிப்புக்கான எழுத்துப்பூர்வப் பாதுகாப்பு அறிவுறுத்தல்கள் அதன்பிறகு தொழில் முழுவதிலும் பரவின. 2014இல் ‘மிட்நைட் ரைடர்’ படப்பிடிப்பில் ஒளிப்பதிவு உதவியாளர் சாரா ஜோன்ஸ் ரயில் மோதி இறந்தபோது, இயக்குநர் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார். தளத்தில் முடிவெடுப்பவரே பொறுப்பாளர் என்ற கருத்து அங்கே நீதிமன்றத்தில் நிலைபெற்றது.

8. முடிவு

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. 1923, 1981 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் அவற்றுள் அடங்கிவிட்டன. திரைத் தொழிலாளி இப்போது ‘ஒலி-ஒளித் தொழிலாளி’ என்ற விரிந்த வரையறைக்குள் வருகிறார். எழுத்து ஒப்பந்தம் தொடர்ந்து கட்டாயமாக இருக்கிறது. மரணமோ கடுங்காயமோ நேர்ந்த வழக்கில் அபராதத்தில் பாதிக்குக் குறையாத தொகையைப் பாதிக்கப்பட்டோருக்கு வழங்க நீதிமன்றம் ஆணையிடலாம் என்பது புதிது. இவை ஏட்டில் நின்றுவிடக் கூடாது.

அதற்குச் செய்ய வேண்டியவை கைக்கு எட்டும் தூரத்தில்தான் உள்ளன. பதிவுசெய்த ஒப்பந்தமும் தளத்திலுள்ள அனைவருக்குமான காப்பீடும் இல்லாமல் படப்பிடிப்பு அனுமதி கிடைக்காது என்று மாநில அரசு விதி வகுக்கலாம். சாலையில் ஓடும் கிரேனுக்குக் காப்பீடு கட்டாயம். அதன் கீழே நிற்கும் மனிதருக்குக் காப்பீடு எடுப்பதை 1923ஆம் ஆண்டுச் சட்டம் முதலாளிக்குக் கட்டாயமாக்கவில்லை. இந்த முரண் நீங்க வேண்டும். ஊதிய உச்சவரம்பை உண்மையான கூலிக்கு ஏற்ப ஆண்டுதோறும் திருத்த வேண்டும். கிரேன், கயிறு, உயரத் தளம் ஆகியவற்றின் சோதனைச் சான்றைப் பார்த்த பின்னரே வேலை தொடங்கும் என்று சங்கங்கள் முடிவெடுக்கலாம். பேட்டாவுக்காக வேலையை நிறுத்தத் தெரிந்த அமைப்புகளுக்கு இது முடியாத காரியமன்று. காயமுற்றவரின் சார்பில் வழக்கைச் சங்கமே தன் பெயரில் முன்னின்று நடத்தினால் ‘அடுத்த அழைப்பு வராது’ என்ற அச்சமும் தளரும்.

காயமுற்றோரும் குடும்பத்தாரும் மனத்தில் கொள்ள வேண்டியவை சில உண்டு. விபத்து நடந்த நாளிலேயே மருத்துவமனைப் பதிவில் ‘படப்பிடிப்பு வேலையின்போது’ என்று எழுதச் சொல்லுங்கள். கால்ஷீட் குறிப்பு, பேட்டா சீட்டு, உடன் வேலைசெய்தவர்களின் பெயர்கள் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்திடாதீர்கள். விபத்து எங்கே நடந்திருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் பகுதிக்குரிய ஆணையரிடமே விண்ணப்பிக்கலாம். சென்னையில் அந்த அலுவலகம் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கிறது. விண்ணப்பத்துக்கான காலவரம்பு பழைய சட்டத்தில் இரண்டு ஆண்டுகள். அந்தக் கெடு கடந்துபோகும்வரை யாருடைய வாக்குறுதிக்காகவும் காத்திருக்க வேண்டாம். நீங்கள் கேட்பது உங்கள் உழைப்புக்குச் சட்டம் ஏற்கெனவே ஒதுக்கிவைத்த பங்கு.